திட்டு வாங்குவதற்கு ஓர் ஆள்

“...நாயமான கோவமுங்க அம்மணி, நூத்துக்கு நூறு நாயம். உங்க எடத்துல நான் இருந்தா இதுக்கு மேலயே பேசியிருப்பனுங்க. நோட்டை எடுத்துப் படிச்சதைக்கூட நான் தப்புன்னு சொல்லலீங்க...”

என் வீட்டு வாசற்படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றபடி அந்த ரோட்டு வேலைக்காரர் சொன்னது இது. அவருடைய நோட்டு என் கையில் இருந்தது. உள்ளே, பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தோம் கடைசி வெள்ளை பனியன் பண்டலை. விடிந்தால் கம்பெனிக்குப் போகவேண்டிய பண்டல் அது. மணி எட்டரை. ஒன்பதுக்கு மெயின் ரோட்டை அடைத்து லாரியை எல்லாம் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடுவார்கள். அதற்குள் தூசி அடங்கத் தெருவில் ஒரு தடவை தண்ணீர் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்து அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும். வெறுமனே கேட்டால், “இதுக்குப் போயா இத்தனை வருசமா ஒரு மனுசனைக் கரிச்சுக் கொட்டுதா இவ?” என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு பனியன் வேலைக்கென்று இங்கே வந்தவள். எங்கள் ஊரில் அன்பாக இருந்தாலும் “ஏட்டி” தான், ஆத்திரமாக இருந்தாலும் “ஏட்டி” தான். இங்கே வந்த புதிதில் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து “கொஞ்சம் உள்ள போங்க” என்றபோது, எனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனுஷி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு “ங்க”வுக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால்தான் மற்றவர்களை எல்லாம் விட நான் இந்த மனுஷரிடம் முழுசாக ஏமாந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகிற வழியில், மெயின் ரோட்டை ஒட்டிப் பிரிகிற தெருவில் எங்கள் வீடு. முன் அறையில் மூன்று தையல் மிஷின். நான், ஈஸ்வரி, இன்னொரு பெண். வெள்ளை பனியன் மட்டும் தைப்போம். வெள்ளை எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். இடம் சுத்தமாக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். கலர் துணியில் ஒரு பொட்டுத் தூசி ஒளிந்துகொள்ளும், வெள்ளையில் ஒளிய இடமே கிடையாது. தைத்த பீஸை நாங்கள் துவைக்கவும் முடியாது, துவைத்தால் சுருங்கி அளவு போய்விடும். “உங்க ஊட்டுல துணிய வெச்சா ஆஸ்பத்திரியில வெச்ச மாதிரிங்க அக்கா” என்று கம்பெனிக்காரர் ஒருமுறை சொன்னார். அதை பண்டல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. படித்தது எட்டாவது வரைக்கும். யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அட்டையில் எழுதி மிஷின் டிராயரில் போட்டுக்கொள்வேன்.

ரோட்டைச் சுரண்டிப் புதுத் தார் போடப்போகிறார்கள் என்று முக்கில் ஒரு போர்டு வைத்தார்கள். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை, பத்து நாட்கள் மட்டும், மாற்றுப்பாதை என்று அம்புக்குறி எங்கள் தெருவைக் காட்டியது. போர்டை நட்ட அன்று மத்தியானமே இவர் வீடு வீடாக வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு. படிய வாரிய தலை. மஞ்சள் ஜாக்கெட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். ரோட்டு வேலைக்காரர் ஒருவர் ஜாக்கெட்டை இஸ்திரி போட்டு நான் பார்த்தது அவரிடம்தான். அதில் ஒரு சொட்டுத் தார் கடைசிவரை படவில்லை.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கெல்லாம் தொந்தரவு குடுக்கப்போறோம். அதான் மூஞ்சியக் காட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க. தூசி வருமுங்க. மாத்துப் பாதையில தண்ணி லாரி விட்டுத் தண்ணி அடிக்கோணும்னு ரூல்ஸே இருக்குதுங்க. அது உங்க உரிமைங்க. அடிக்கலீன்னா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

அட்டை எடுத்து எழுதினேன். ‘அது உங்க உரிமைங்க.’ எந்த அரசாங்கத்து ஆள் இப்படி வீடு தேடி வந்து சொன்னான்? அப்புறம்தான் தெரிந்தது, இவர் அரசாங்கத்து ஆளே இல்லை, காண்ட்ராக்டர் வைத்த ஆள். அதற்கு முன்னால் பல்லடத்தில் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாராம். ஈஸ்வரி எங்கிருந்தோ விசாரித்து வந்து சொன்னாள்: “அக்கா, அந்தாளுக்கு ரோட்டைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. ஜல்லியா மணலான்னு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டாரு. சனங்க வந்து திட்டுனா வாங்கிக்கறதுக்குன்னே சம்பளம் குடுத்து வெச்சிருக்கறாங்களாமா.”

நான் சிரித்தேன். அப்படி ஒரு வேலை உண்டா என்று.

உண்டு. அதை அவர் செய்வதை எத்தனையோ நாள் என் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன். யார் எவ்வளவு ஆத்திரமாக வந்து இறங்கினாலும் முதலில் இவர் வாயே திறக்க மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கர்ச்சீப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்பார். எதிராளிக்கு மூச்சு வாங்கும். அந்த இடத்தில் மெதுவாக நுழைவார். “உங்க கோவம் நாயமுங்க.” அப்புறம் வீட்டு விசேஷம் ஒன்று கேட்பார். “அம்மாவுக்கு முட்டி ஆபரேசன்னு சொன்னீங்களே, நடக்கறாங்களா?” அவ்வளவுதான். வந்தவன் முட்டி ஆபரேஷனைப் பற்றிப் பேசிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போய்விடுவான். வடக்கத்தி லாரி டிரைவர் ஒருவன் ஒருநாள் கம்பியைத் தூக்கிக்கொண்டே இறங்கினான். இவருக்குத் தெரிந்த இந்தி மொத்தம் நாலு வார்த்தை. “பையா, ஆப் சஹி ஹை”, அதாவது அண்ணா நீங்க சொல்றதுதான் சரி, என்று நெஞ்சில் கைவைத்தார். அந்தப் பையன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு இவருக்கு பீடி நீட்டினான்.

பத்து நாள் முடிந்தது. போர்டில் ‘பத்து’ மேல் ‘இருபது’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டியது இவர்தான். கோணாமல், ஸ்கேல் வைத்த மாதிரி, காற்றுக்குமிழ் இல்லாமல் கர்ச்சீப்பால் நீவி நீவி ஒட்டினார். அப்புறம் ‘முப்பது’. அப்புறம் நாள் கணக்கையே எடுத்துவிட்டு ‘பணி முடியும் வரை’. முதல் ஒரு வாரம் ராத்திரியில் வேலை நடந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தார் வரவில்லையாம், தார் வந்தால் ஆள் வரவில்லையாம். ஈஸ்வரியின் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து நடந்து வரும்போது பார்த்திருக்கிறார். அடைத்துப் போட்ட ரோட்டில் ரோலர் சும்மா நிற்கிறது, அதன் சீட்டில் நாய் படுத்திருக்கிறது. ரோட்டில் வேலை இல்லை என்றால் திறந்துவிட வேண்டியதுதானே? வேலை முடிந்தது என்று எழுதி வரும்வரை ராத்திரிக்கு ராத்திரி அடைத்தே தீரவேண்டுமாம். வேலை இல்லாத ராத்திரியும் அடைத்தார்கள். ஒன்பதானால் லாரி எங்கள் தெருவில்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கும். நூல் லாரி, தீவன லாரி, விடியவிடியக் கோழி லாரி. தெருவின் தோலை உரித்துவிட்டார்கள். செம்மண் புகை ஓட்டுச் சந்தில் இறங்கும். கோழி லாரி குழியில் விழுந்து எழும்போது கூண்டிலிருந்து ஒழுகுவது வாசலில் தெறிக்கும். காலையில் அதைக் கழுவிவிட்டுத்தான் கோலம். இறகு வந்து ஜன்னல் வலையில் ஒட்டிக்கொள்ளும். டீயில் ஏடு மாதிரி மண். ஜன்னலில் பழைய சேலை கட்டி, கதவிடுக்கில் துணிக் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, அந்தப் புழுக்கத்தில் பீஸை மூடி வைத்தாலும், காலையில் சேலையை எடுத்தால் மேல் வரிசையில் மெல்லிசாய் ஒரு காவி. உதறினால் போகாது. தையல் ஓரத்தில் தங்கிவிடும்.

முதல் தடவை கொஞ்சம் பீஸ் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. அவரிடம் போனேன்.

“தண்ணி லாரி எங்கய்யா?”

“வந்துட்டே இருக்குதுங்க அம்மணி. உங்களுக்காகவே தனியாச் சொல்லியிருக்கறனுங்க.” சட்டைப் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். “எழுதிக்கிட்டனுங்க.”

எழுதிக்கிட்டனுங்க. அந்த வார்த்தைக்கு என்ன பலம்! ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டதில்லை. நிறைந்த மனசோடு திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தேன். நான் கிளம்பும்போது அவர் கேட்டார்: “அந்தத் திரும்பி வந்த பனியன்ல ஒண்ணு இருந்தாக் குடுங்க அம்மணி, மூஞ்சி துடைக்க.” மூஞ்சி துடைக்கவா என்று நல்ல பீஸாகப் பார்த்து இரண்டு கொடுத்தேன். மறுநாள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, மேல் பட்டனைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினார். “உங்க தையலுங்க. என்ன நயம்!” எங்கள் பிழைப்பில் விழுந்த மண்ணைத் துவைத்து அவர் உடுத்திக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

அவருடைய சிவப்பு விளக்குக் கோல் இருக்கிறதே, ராத்திரியில் வண்டியைத் திருப்புவதற்கு ஆட்டுவது, அதற்குச் சார்ஜ் ஏற்றியதும் என் வீட்டில்தான். தினமும் மத்தியானம் பையோடு கொண்டுவந்து வைப்பார். “உங்க ஊட்டுக் கரண்டு சுத்தமான கரண்டுங்க.” கரண்டில் என்ன சுத்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. என் மிஷினுக்குப் பக்கத்து பிளக்கில் அது சாயங்காலம் வரை ஏறும்.

தெருவே பொறுக்காமல் ஒருநாள் மறியலுக்குப் புறப்பட்டோம். பெண்கள் குடத்தோடு முக்கில் போய் உட்கார்ந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய் டீக்கடையிலிருந்து நாற்காலி வாங்கி வந்து வயசானவர்களை உட்கார வைத்தார். தடுப்புத் தகரத்தை நிமிர்த்தி நிழல் பண்ணினார். மோர் வரவழைத்தார். கடைசியில், “நீங்க வெயில்ல கெடக்க நான் மட்டும் நிக்கறது நாயமில்லீங்க” என்று எங்கள் வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரை எதிர்த்து உட்கார்ந்தோமோ அவர் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்! கோஷம் போட்டால் அவரும் சேர்ந்து கை தூக்குகிறார். மோரைக் குடித்துவிட்டு, ஜெயித்த மாதிரி, பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். ராத்திரி ஒன்பதுக்கு லாரி வந்தது.

“எங்கூருல நாயத் தொரத்தறதுக்கும் ‘போங்க’ தான் அக்கா. நீங்க அதைக் கேட்டுட்டுப் பூரிச்சுப் போறீங்க” என்றாள் ஈஸ்வரி, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டே. அதையும் அட்டையில் எழுதினேன். எழுதியவள் புரிந்துகொண்டேனா என்றால், இல்லை. நல்ல வார்த்தை என்று எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை பாதி பண்டல் திரும்பியது. கம்பெனிக்காரர் மூஞ்சியைப் பார்க்காமல் பேசினார். “அக்கா, இதுதான் லாஸ்ட் சான்ஸுங்க. அடுத்த பண்டல்ல டஸ்ட் இருந்துச்சுன்னா ஒயிட் எல்லாத்தையும் நல்லூர் யூனிட்டுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. என் கையில இல்லீங்க.” வெள்ளை போனால் எங்கள் மூன்று மிஷினுக்கும் வேறு வேலை கிடையாது. ஈஸ்வரி சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கடைசி பண்டலை நாலு நாளாகத் தைத்தோம். கண்ணாடிக்குள் வைத்துத் தைத்த மாதிரி தைத்தோம். கடைசி நாள் மத்தியானம் அவர் பையை வைக்க வந்தபோது நான் எழுந்து நின்றே பேசினேன்.

“அய்யா, இன்னிக்கு ஒரு ராத்திரி. லாரி வருததுக்கு முந்தி ஒரு நடை தண்ணி அடிச்சிருங்க. விடிஞ்சா பண்டல் போயிரும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம். இது தப்புனா எங்க பொழைப்பே போச்சு.”

அவர் கண்ணே கலங்கிவிட்டது. “அம்மணி, ஏழு மணிக்குத் தண்ணி லாரி உங்க வாசல்ல நிக்குமுங்க. நானே கூட வர்றனுங்க.” பையை வைத்துவிட்டுப் போனார்.

ஏழானது. ஏழரை ஆனது. ஈஸ்வரி நாலு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் ஊற்றிப் பார்த்தாள். அந்த மண் குடித்த வேகத்தில் ஈரம் பட்ட தடமே தெரியவில்லை. எட்டு மணிக்கு, சார்ஜ் ஏறிய கோலைப் பிடுங்கிப் பையில் வைக்கப் போனேன். எப்போதும் சட்டையோடு ஒட்டிக்கொண்டு போகிற நோட்டு அன்றைக்குப் பைக்குள் கிடந்தது. அடுத்தவர் நோட்டைத் தொடுகிறவள் இல்லை நான். ஆனால் நாலு மாசமாகச் சனங்கள் சொன்னதெல்லாம் அதில் இருக்குமே என்று ஒரு ஆசை. என்னை மாதிரியே வார்த்தை சேர்க்கிற ஒரு மனுஷர் என்று நினைத்திருந்தேன். என்னுடைய தண்ணி லாரியை எத்தனை தடவை எழுதியிருக்கிறார், யாருக்குச் சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிடலாம் என்றும் இருந்தது.

முத்து முத்தான கையெழுத்து. ஒரு புகாரும் இல்லை.

‘பால் வண்டி: மகள் காலேஜ். கேட்டால் சிரிப்பார்.’ ‘டீக்கடை: கத்துவார். கத்தி முடிக்கட்டும், குறுக்கே பேசக்கூடாது.’ ‘ஸ்கூல் வேன்: அம்மா முட்டி ஆபரேஷன்.’ ‘தையல் ஈஸ்வரி: நக்கல். சிரித்துவிட்டு நகர வேண்டும்.’ இப்படியே பக்கம் பக்கமாக, தெருவே இருந்தது. அதற்கு அடுத்த வரியில் நான்.

‘வெள்ளை பனியன் அம்மணி: திருநெல்வேலி. தண்ணி கேட்பார். மரியாதை போதும்.’

மூன்று தடவை படித்தேன். ஈஸ்வரியிடம் நீட்டினேன். அவள் தன் வரியைப் படித்துவிட்டு, என் வரியைப் படித்துவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, பண்டல்மேல் சேலையை இழுத்துவிட்டாள். எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பு கொஞ்சம்தான். அந்த வரியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே, அதனால் என்மேல் வந்ததுதான் அதிகம். பனியன் கொடுத்தது, கரண்டு கொடுத்தது, அட்டையில் எழுதி டிராயரில் வைத்தது எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

எட்டரைக்குப் பையை எடுக்க வந்தார். செருப்பைக் கழற்றினார்.

“ஏன்யா,” என்றேன். எனக்கு ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. “நாலு மாசமா தொண்டத்தண்ணி வத்த உம்மகிட்ட கத்துதேன். நீரு என்னப் பத்தி எழுதி வச்சிருக்கது இதுதானா? மரியாத போதுமா எனக்கு? ஒம்ம மரியாதைய வச்சு என் பண்டலத் தொடச்சுக்கிடவா? தண்ணி லாரின்னு ஒண்ணு இருக்கா, இல்லியா? அதச் சொல்லும் மொதல்ல!”

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் தலையைச் சாய்த்து, கர்ச்சீப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, எனக்கு மூச்சு வாங்கும்வரை நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான், நாயமான கோவமுங்க அம்மணி, நூத்துக்கு நூறு நாயம் என்று ஆரம்பித்தார். நோட்டைப் படித்ததைக்கூடத் தப்பென்று சொல்லவில்லை என்றார். தண்ணி லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த நோட்டை, குழந்தையிடமிருந்து பொம்மையை வாங்குவது போல வலிக்காமல் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பக்கத்தைத் தேடிப் பிடித்து, ‘மரியாதை போதும்’ என்பதை ஒரே கோடாக, கோணாமல் அடித்தார். அதற்குக் கீழே, நான் பார்க்காதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வேறு என்னவோ எழுதினார். மை காயும்வரை ஊதினார். நோட்டை மூடிவிட்டு, “கோலு நல்லாச் சார்ஜ் ஏறியிருக்குதுங்க, ரொம்ப நன்றிங்க” என்று அதை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். முக்குக்கு நடந்துபோய், மணி ஒன்பதானதைப் பார்த்து, தடுப்பை இழுத்து ரோட்டை அடைத்தார். முதலில் வந்தது கோழி லாரி. ஒரு கையை நெஞ்சில் வைத்து டிரைவருக்குக் குனிந்து, மறுகையில் என் வீட்டுக் கரண்டில் எரிந்த அந்தச் சிவப்பு விளக்கை ஆட்டி, லாரியை எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டார்.